இயந்திரத்துக்குள் கிடைத்த இறகு: 1960 பாஸ்டன் விபத்தில் ஒரு பறவைக்குப் பெயர் கிடைத்த கதை

1960 அக்டோபர் 4, மாலை 5.40 மணி. பாஸ்டன் நகரின் லோகன் விமான நிலையத்திலிருந்து ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 375ஆம் எண் விமானம் கிளம்பியது. நான்கு டர்போபிராப் இயந்திரங்கள் கொண்ட லாக்ஹீட் எலெக்ட்ரா. உள்ளே 72 பேர். தரையை விட்டு எழுந்த சில நொடிகளில் அது ஒரு பறவைக் கூட்டத்துக்குள் புகுந்தது. 1, 2, 4 ஆகிய எண்களைக் கொண்ட மூன்று இயந்திரங்கள் பறவைகளை உள்ளிழுத்தன. முதலாவது இயந்திரம் நிறுத்தப்பட்டது. மற்ற இரண்டும் கொஞ்ச நேரம் திணறிவிட்டு மீண்டும் சக்தி பெற்றன. ஆனால் அந்தக் கொஞ்ச நேரத்தைத் தாங்கும் உயரமோ வேகமோ விமானத்துக்கு இருக்கவில்லை. மூக்கு இடப்புறம் திரும்பியது, வேகம் விழுந்தது, இடது இறக்கை சரிந்தது. விமானம் வின்த்ராப் விரிகுடாவில் தலைகுப்புற விழுந்தது. கிளம்பி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. 62 பேர் இறந்தார்கள், 10 பேர் பிழைத்தார்கள்.

விமானத் துறையில் இந்த விபத்தைப் பற்றிப் பலரும் எழுதியிருக்கிறார்கள். என்னை இழுப்பது அதன் ஒரு சிறு மூலை: நசுங்கி, கருகி, எண்ணெயில் ஊறிய இறகுத் துணுக்குகளிலிருந்து அந்தப் பறவைக்கு எப்படிப் பெயர் வைத்தார்கள் என்பது. இறகைப் பார்த்துப் பறவையைச் சொல்வது என்றால் எல்லோர் மனத்திலும் முதலில் வருவது நிறம். பல ஆண்டுகளாக இறகுகளைப் பொறுக்கித் தாளில் ஒட்டிக்கொண்டிருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: நிறம் கடைசியாக விசாரிக்க வேண்டிய சாட்சி. பாஸ்டன் வழக்கு அதற்கு நல்ல உதாரணம்.

கையில் இருந்தது என்ன

ஓடுபாதையில் ஸ்டார்லிங் பறவைகள் ஏராளமாகச் செத்துக் கிடந்தன. மைனாவுக்கு நெருங்கிய உறவு. நம் ஊர்ப் பக்கம் கூட்டமாக வந்துபோகும் சூறைக்குருவிக்கும் சொந்தம். அப்படியானால் இன்னும் என்ன ஆராய்ச்சி என்று கேட்கலாம். ஓடுபாதையில் கிடந்த உடல், அந்தப் பறவை அங்கே இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. இயந்திரத்துக்குள் போனதும் அதே பறவைதான் என்று அது சொல்லாது. அக்டோபர் மாதத்தில் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் கருநிறப் பறவைகள் கலந்து பறக்கும். கிராக்கிள், செந்தோள் கரும்பறவை, கௌபேர்டு, ஸ்டார்லிங் எல்லாம் ஒரே கூட்டத்தில் வரும். விசாரணைக்குத் தேவைப்பட்டது இயந்திரத்துக்குள்ளிருந்து எடுத்த சான்று.

அந்தத் துணுக்குகள் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போயின. அங்கே பறவைப் பிரிவில் இருந்தவர் ராக்ஸி லேபோர்ன் (1910–2003). பறவைத் தோல்களைப் பதப்படுத்தும் வேலையில் தேர்ந்தவர். 1944இல் அருங்காட்சியகத்தில் சேர்ந்ததிலிருந்து ஆயிரக்கணக்கான தோல்கள் அவர் கை வழியாகப் போயிருந்தன. ஸ்டார்லிங் என்று முடிவு சொன்னவர் அவர். இறகுத் தடயவியல் என்ற துறையே அந்த மேசையில் பிறந்தது என்பார்கள். அது மிகையாக எனக்குத் தோன்றவில்லை.

அவர் தம் மேசையில் ஒவ்வொரு துணுக்கையும் எந்த வரிசையில் பார்த்தார் என்று நான் கற்பனை செய்யப்போவதில்லை. அப்படிப்பட்ட பொருள் கைக்கு வந்தால் ஒருவர் எதையெல்லாம் தாண்டியாக வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதல் தடை: அந்தக் கருப்பு எதனால் ஆனது?

ஸ்டார்லிங்கை வெயிலில் பார்த்தால் பச்சையும் ஊதாவும் மினுங்கும். கிராக்கிளும் அப்படியே, செம்பு, நீலம், ஊதா என்று மின்னும். ஆண் கௌபேர்டின் உடலிலும் பச்சை மினுக்கம் உண்டு. இந்த மினுக்கத்துக்கென்று தனிச் சாயம் எதுவும் இறகில் கிடையாது. மெலனின் என்ற கருநிறமியின் துகள்கள் அடுக்காக அமைந்து, மேலே மெல்லிய கெரட்டின் (இறகு ஆன புரதம்) படலம் இருக்க, அதில் பட்டுத் திரும்பும் ஒளி செய்யும் வேலை அது. தண்ணீரில் மிதக்கும் எண்ணெய்ப் படலத்தில் தெரிகிறதே, அதே கணக்கு. அமைப்பு குலைந்தால் நிறமும் குலையும். நுண்ணிழைகள் நசுங்கினால், எண்ணெய் படிந்தால், கருகினால், மிஞ்சுவது மந்தமான கரும்பழுப்பு மட்டும். இயந்திரத்துக்குள் போய் வந்த பிறகு ஸ்டார்லிங், கிராக்கிள், கௌபேர்டு மூன்றும் நிறத்தளவில் ஒன்றுதான்.

நீல இறகில் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பனங்காடையின் நீல இறகைக் கையில் பிடித்து ஒளி அதன் பின்பக்கமிருந்து வரும்படி பாருங்கள். நீலம் போய்ப் பழுப்பு நிற்கும். பறவைகளின் நீலத்தில் பெரும்பகுதி அமைப்பால் வருவதே தவிர நிறமியால் வருவதில்லை. மஞ்சளும் சிவப்பும் வேறு வகை: பெரும்பாலான பறவைகளில் அவை உணவிலிருந்து வரும் கரோட்டினாய்டு நிறமிகள். இரை மாறினால் நிறமும் மாறும். வட அமெரிக்காவில் வால் நுனி மஞ்சளாக இருக்க வேண்டிய சீடார் வாக்ஸ்விங் பறவைகள் சிலவற்றுக்கு ஆரஞ்சு நுனி வரத் தொடங்கியபோது ஆராய்ச்சியாளர்கள் குழம்பினார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட ஹனிசக்கிள் புதர்களின் பழங்களை, இறகு முளைக்கும் பருவத்தில் அவை தின்றதுதான் காரணம். மஞ்சள் தண்டு இறகு கொண்ட ஃபிளிக்கர் மரங்கொத்திகளுக்கு இடையிடையே சிவந்த இறகு வந்ததற்கும் அதே பழத்தின் நிறமியே காரணம் என்று பின்னர் தெரிந்தது. அதற்கு முன்பு, வேறொரு வகை ஃபிளிக்கரோடு நடந்த கலப்பின் அடையாளம் என்றே அதைக் கருதினார்கள். நிறத்தை நம்பிக் குடும்ப மரம் வரைந்தால் இப்படித்தான் ஆகும்.

மெலனின் மட்டும் ஓரளவு நம்பலாம். அது நிறம் தருவதோடு இறகை உறுதியாக்கவும் செய்கிறது. கடற்காக்கைகளுக்கும் நாரைகளுக்கும் உடல் வெள்ளையாக இருந்தாலும் இறக்கை நுனி கருத்திருப்பது அதனால்தான்: அதிகம் தேயும் இடத்தில் கருப்பு. வெள்ளைப் பகுதி எளிதில் தேய்ந்துபோகும். இந்தச் சிறு உண்மை ஸ்டார்லிங் கதையில் பெரிய வேலை செய்கிறது.

அக்டோபர் மாதத்துப் புள்ளிகள்

ஸ்டார்லிங் ஆண்டுக்கு ஒரு முறைதான் இறகு உதிர்க்கிறது, இனப்பெருக்கம் முடிந்த பிறகு. இலையுதிர் காலத்தில் உடல் முழுக்கப் புது இறகு இருக்கும். ஒவ்வொரு உடல் இறகின் நுனியிலும் ஒரு வெளிறிய புள்ளி: முதுகில் வெளிர்பழுப்பு, மார்பிலும் வயிற்றிலும் வெள்ளை. பறவை முழுவதும் பொரி தூவியது போல இருக்கும். வசந்தத்துக்குள் அந்த வெளிறிய நுனிகள் தேய்ந்து உதிர்ந்துவிடும். ஒரு இறகுகூட மாற்றாமல் அதே பறவை மினுங்கும் கருப்பாகிவிடும். உடை மாற்றவில்லை, சாயம் போகவும் இல்லை. ஓரம் கிழிந்து உள்பக்கம் தெரிகிறது, அவ்வளவுதான். அதே பறவை, அதே இறகு, ஆறு மாத இடைவெளியில் இரண்டு தோற்றம்.

விபத்து அக்டோபர் 4இல் நடந்தது. அதாவது புள்ளிகள் புத்தம் புதிதாக இருக்க வேண்டிய காலம். இதே விபத்து ஏப்ரல் மாதத்தில் நடந்திருந்தால் இறகு வேறு மாதிரி இருந்திருக்கும். புள்ளி இல்லை என்பதால் ஸ்டார்லிங் அல்ல என்று யாராவது சொல்லியிருந்தால் அது தவறாக முடிந்திருக்கும். இறகு கிடைத்த தேதியை எழுதாமல் இறகை மட்டும் எடுத்து வைப்பவர்களிடம் எனக்குச் சண்டையே உண்டு. தேதியில்லாத இறகு பாதி ஊமை.

புள்ளி இருந்தால் ஸ்டார்லிங் என்று முடித்துவிடலாமா? முடியாது. ரஸ்டி கரும்பறவைக்கும் இலையுதிர் காலத்தில் இறகு ஓரம் துருப்பிடித்தது போலச் செம்பழுப்பாக இருக்கும். செந்தோள் கரும்பறவையின் ஆணுக்கும் அந்தப் பருவத்தில் பழுப்பு ஓரங்கள் உண்டு. அவையும் குளிர்காலம் முழுவதும் தேய்ந்து வசந்தத்தில் கருப்பாகும். தந்திரம் ஒன்றே, பறவைகள் வேறு. இங்கேதான் கோலத்தின் நுட்பம் தேவைப்படுகிறது. ரஸ்டியில் ஓரம் அகலமாகப் படர்ந்திருக்கும். ஸ்டார்லிங்கில் அது நுனியில் தனித்து நிற்கும் புள்ளி. அதைவிட முக்கியம் வடிவம்: ஸ்டார்லிங்கின் தொண்டை, மார்பு இறகுகள் வேலின் முனை போல ஒடுங்கி நீண்டவை, ஆணுக்கு இன்னும் நீளம். கரும்பறவைக் குடும்பத்தின் மார்பு இறகுகள் உருண்ட நுனி கொண்டவை. எண்ணெயும் கருகலும் நிறத்தைக் கொண்டுபோனாலும் வடிவத்தைச் சட்டென்று கொண்டுபோக முடியாது.

இது உடலின் எந்த இடத்து இறகு என்று முதலில் கேட்க வேண்டும் என்பது அதனால்தான். பறக்கும் இறகு என்றால் தண்டின் இரு பக்கமும் சமமாக இருக்காது. வெளிப்பக்கம் குறுகி, உள்பக்கம் அகன்றிருந்தால் அது இறக்கையின் வெளிவரிசை. கிட்டத்தட்ட சமமாக இருந்தால் வாலின் நடு இறகாக இருக்கலாம். ஸ்டார்லிங்கின் இறக்கை இறகுகளில் மார்பின் புள்ளி கிடையாது. கரும்பழுப்பில் வெளிர்பழுப்பு ஓரம் மட்டுமே. ஒரே பறவையின் மார்பு இறகையும் இறக்கை இறகையும் பக்கத்தில் வைத்தால் இரண்டு பறவை என்றே தோன்றும். கையேடுகளில் வரும் முழுப் பறவையின் படத்தைப் பார்த்துத் தனி இறகுக்குப் பெயர் வைப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

நானும் தவறியிருக்கிறேன். பட்டை பட்டையாக, சாம்பல் பழுப்பில் ஒரு வால் இறகு கிடைத்தபோது வல்லூறு என்று உறுதியாக எழுதி வைத்தேன். இரண்டு ஆண்டுகள் கழித்து அனுபவசாலி ஒருவர் அதன் பக்கத்தில் உண்மையான வல்லூறு இறகு ஒன்றை வைத்துக் காட்டினார். பட்டைகளின் இடைவெளியும் நுனியின் நிறமும் பொருந்தவில்லை. என் இறகு அக்காக்குயிலுடையது. வல்லூற்றைப் போலத் தோற்றம் காட்டுவதே பிழைப்பாகக் கொண்ட பறவை அது. மற்ற பறவைகளை ஏமாற்ற உருவான கோலம் என்னை மட்டும் விட்டுவைக்குமா?

தோல்களின் அறை

அந்த அனுபவசாலி செய்ததுதான் அருங்காட்சியகத்தில் பெரிய அளவில் நடக்கிறது. ஸ்மித்சோனியனில் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவை மாதிரிகள் உள்ளன. பஞ்சு அடைத்து, காலில் சீட்டுக் கட்டி, இழுப்பறைகளில் மல்லாக்கப் படுக்க வைத்த தோல்கள் அவற்றில் பெரும்பகுதி. ஆண், பெண், குஞ்சுப் பருவம், கோடை, குளிர்காலம், வடக்கு, தெற்கு என்று ஒரே இனத்துக்கு இழுப்பறை இழுப்பறையாக. கையிலுள்ள துணுக்கை ஒவ்வொரு தோலின் மேலும் நகர்த்திப் பார்த்து, அது ‘உட்காரும்’ இடத்தைத் தேடுவார்கள். நிறம், புள்ளியின் அளவு, ஓரத்தின் அகலம், தண்டின் நிறம் எல்லாம் ஒரே இடத்தில் பொருந்த வேண்டும்.

அதற்கு முன் கழுவுதல். இளஞ்சூட்டு நீர், சோப்பு, பிறகு காற்றடித்து உலர்த்துதல். சேற்று உருண்டை போல வந்த துணுக்கு, இழைகள் ஒன்றோடொன்று மீண்டும் கொக்கி மாட்டிக்கொள்ள, பூப்போல விரியும். விமானத்தில் மோதிய பறவையின் மிச்சத்துக்கு அந்த ஆய்வகத்தார் ‘ஸ்நார்ஜ்’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அகராதிப் பெருமை இல்லாத சொல்தான். ஆனால் அந்தப் பிசுபிசுப்பைத் தொட்டவர்களுக்கு வேறு எந்தச் சொல்லும் போதாது என்று நினைக்கிறேன்.

அடியில் இருக்கும் பஞ்சு

கோலம் சொல்லும் அளவுக்குத் துணுக்கு பெரிதாக இல்லை என்றால்? லேபோர்ன் இத்துறைக்குத் தந்த பெரிய கொடை இங்கேதான் இருக்கிறது. உடல் இறகு எதை எடுத்தாலும் அடிப்பகுதியில் காம்புக்கு மேல் பஞ்சு போன்ற தூவி இருக்கும். அது நிறத்துக்காகவோ அழகுக்காகவோ அமைந்ததல்ல, உடல் சூட்டைக் காப்பதற்கு. யாரும் கவனிக்காத, பெரும்பாலும் சாம்பல் நிறமான பகுதி. நுண்ணோக்கியில் வைத்தால் அதன் ஒவ்வொரு நுண்ணிழையிலும் மூங்கில் போலக் கணுக்கள் தெரியும். கணுவின் வடிவம் பறவைக் குடும்பத்துக்குக் குடும்பம் மாறுகிறது. வாத்து வகையில் நுண்ணிழையின் நுனிப் பக்கம் முக்கோணக் கணுக்கள். கோழி வகையில் மோதிரம் போன்ற வளையங்கள், சில சமயம் கழன்று நகர்ந்தும் கிடக்கும். புறாவில் இதழ் விரிந்த பூ போன்ற கணுக்கள். இந்த வேறுபாடுகளை ஆசா சாண்ட்லர் என்ற ஆய்வாளர் 1916இலேயே விரிவாக எழுதியிருந்தார். அதை விபத்து விசாரணைக்கான கருவியாக மாற்றியவர் லேபோர்ன்.

ஆனால் தூவிக்கும் எல்லை உண்டு. அது பெரும்பாலும் பறவையின் வரிசை, அதாவது பல குடும்பங்கள் சேர்ந்த பெரும் பிரிவு, வரைதான் சொல்லும். கிளையிலமரும் சிறு பறவைகளின் பெருங்குழு ஒன்று என்று சொல்லும். அந்தக் குழுவில்தான் ஸ்டார்லிங்கும் இருக்கிறது, கிராக்கிளும் கௌபேர்டும் இருக்கின்றன. அதற்கு மேல் பிரிக்கக் கோலத்திடம்தான் திரும்பி வர வேண்டும். வாத்தும் அல்ல, கடற்காக்கையும் அல்ல, புறாவும் அல்ல என்று தூவி வாசலை அடைத்துவிட்ட பிறகு, மிஞ்சிய சில பெயர்களுக்குள் புள்ளியும் வடிவமும் முடிவு சொல்கின்றன. வரிசையை மாற்றி, மினுக்கத்தைப் பார்த்து ஆரம்பித்திருந்தால் கிராக்கிளில் போய் நின்றிருக்கலாம்.

பெயர் தெரிந்து என்ன பயன்?

ஒரு ஸ்டார்லிங்கின் எடை சுமார் 80 கிராம். இவ்வளவு சிறிய பறவை கூட்டமாக வந்து நான்கு இயந்திர விமானத்தை வீழ்த்தும் என்று அதுவரை யாரும் கணக்குப் போட்டிருக்கவில்லை. இந்த விபத்துக்குப் பிறகுதான் டர்பைன் இயந்திரங்கள் பறவைகளை உள்ளிழுத்தால் எவ்வளவு தாங்க வேண்டும் என்பதற்கான தரங்களை அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் வகுக்கத் தொடங்கியது. எந்த எடை, எத்தனை பறவை என்று தெரியாமல் சோதனை வகுக்க முடியாது. களத்திலும் அப்படியே. ஸ்டார்லிங் குட்டைப் புல்லில் பூச்சி தேடி வரும், கடற்காக்கை குப்பைமேட்டுக்கும் தண்ணீருக்கும் வரும். ஒன்றை விரட்டும் வழி மற்றதற்கு உதவாது.

சட்டத்திலும் பெயர் வேலை செய்கிறது. ஸ்டார்லிங் அமெரிக்காவின் சொந்தப் பறவை அல்ல. 1890, 1891 ஆண்டுகளில் நியூயார்க்கின் சென்ட்ரல் பூங்காவில் யூஜீன் ஷீஃப்லின் என்பவர் விட்ட சுமார் நூறு பறவைகளோடு சேர்த்தே அங்கு அதன் வரலாற்றைச் சொல்வார்கள். வந்தேறி என்பதால் 1918ஆம் ஆண்டின் வலசைப் பறவைச் சட்டம் அதைக் காப்பதில்லை. கீழே கிடக்கும் ஸ்டார்லிங் இறகை அங்கே யாரும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பக்கத்திலேயே கிடக்கும் கிராக்கிள் இறகை உரிமமில்லாமல் எடுத்தால் குற்றம். கருகிய நிலையில் இரண்டும் ஒன்றுபோல இருக்கும் என்பதை மேலே பார்த்தோம்.

48 ஆண்டுகள் கழித்து

2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கின் லாகார்டியா நிலையத்திலிருந்து கிளம்பிய யுஎஸ் ஏர்வேஸ் 1549 விமானம் சுமார் 2,800 அடி உயரத்தில் பறவைக் கூட்டத்தில் மோதி, இரண்டு இயந்திரங்களும் உந்துவிசை இழந்து, ஹட்சன் ஆற்றில் இறங்கியது. 155 பேரும் பிழைத்தார்கள். இயந்திரங்களிலிருந்து எடுத்த மிச்சங்கள் அதே ஸ்மித்சோனியனுக்குத்தான் போயின. அங்கே இப்போது லேபோர்னிடம் தொழில் கற்ற கார்லா டவ் இருந்தார். இம்முறை கருவிப்பெட்டியில் டிஎன்ஏவும் சேர்ந்திருந்தது. விடை: கனடா வாத்து. சுமார் 4 பவுண்டு எடைப் பறவையைத் தாங்குவதற்குச் சோதிக்கப்பட்ட இயந்திரம் அது, வாத்தோ ஏறக்குறைய இரண்டு மடங்கு. டிஎன்ஏ அதன் பாலினத்தையும் சொன்னது. இறகின் நிறமும் கோலமும் தனித்து நின்று இதைச் சொல்லியிருக்க வழியில்லை, கனடா வாத்தில் ஆணும் பெண்ணும் ஒரே உடை.

2024 டிசம்பரில் தென்கொரியாவின் முவான் நிலையத்தில் நடந்த விபத்திலும் இரண்டு இயந்திரங்களில் இறகும் இரத்தக் கறையும் இருந்தன. பைக்கால் கிளுவை என்ற வாத்து வகை என்று டிஎன்ஏ சொன்னது. ஆண் பறவையின் முகத்தில் பச்சை, மஞ்சள், கருப்பு என்று அழகான கோலம் உண்டு, படத்தில் பார்த்தால் மறக்க முடியாது. அந்தக் கோலத்துக்கு அங்கே வேலை இருக்கவில்லை.

1549 வழக்கில் டிஎன்ஏவாலும் முடியாத ஒரு கேள்வி மிஞ்சியது. நியூயார்க் பகுதியில் இரண்டு வகையான கனடா வாத்துகள் உண்டு: ஆண்டு முழுவதும் அங்கேயே தங்கிவிட்டவை, வடக்கிலிருந்து குளிர்காலத்துக்கு வருபவை. இனம் ஒன்றுதான், கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். விடை மீண்டும் இறகில் இருந்தது. இறகு முளைக்கும் இடத்தின் தண்ணீரில் சாதாரண ஹைட்ரஜனும் கனமான ஹைட்ரஜனும் (ஐசோடோப்புகள்) கலந்திருக்கும் விகிதம் கெரட்டினில் பதிந்துவிடுகிறது. வடக்கே போகப் போக அந்த விகிதம் மாறும். கனடா வாத்து கோடையில் கூடுகட்டும் பகுதியில் பறக்கும் இறகுகளை ஒரே நேரத்தில் உதிர்த்துப் புதிதாக வளர்க்கும். அந்த இறகு எங்கே முளைத்தது என்பது அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். கனடாவின் வடகிழக்கிலுள்ள லாப்ரடார் பகுதியில் முளைத்த இறகுகளோடும் நியூயார்க்கில் தங்கிவிட்ட வாத்துகளின் இறகுகளோடும் ஒப்பிட்டார்கள். இயந்திரத்தில் இருந்தவை வலசை வந்தவை என்ற முடிவு 2009இல் வெளியானது.

அதே ஆண்டுக் கோடையில் விமான நிலையங்களைச் சுற்றியுள்ள பூங்காக்களிலும் நீர்நிலைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கனடா வாத்துகளை நியூயார்க் அதிகாரிகள் பிடித்துக் கொன்றார்கள். இறகு உதிர்ந்து பறக்க முடியாத பருவம் என்பதால் வளைத்துப் பிடிப்பது எளிது. உள்ளூர் வாத்துகளாலும் ஆபத்து இருக்கிறது என்பது அவர்கள் தரப்பு, அதை மறுக்க முடியாது. ஆனால் கோடையில் அங்கே இருப்பவை தங்கிவிட்ட வாத்துகள். ஜனவரியில் இயந்திரத்துக்குள் போனவற்றின் கூட்டாளிகள் அந்நேரம் லாப்ரடாரில் புது இறகு வளர்த்துக்கொண்டிருந்தன.